ஆமாங்க, இல்லீங்க: கொங்கு நாட்டில் உளவியல் ஆசிரியராக வருகிறவர்களுக்கு

பல்லடம் பக்கம் ஒரு தறிக்குடோன் திண்ணை. முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் முதன்முதலில் கேள்வித்தாளோடு போய் உட்கார்ந்த இடம். "நான் எதற்கும் உதவாதவன் என்று நினைப்பதில்லை" என்ற வாக்கியத்தைப் படித்துவிட்டு, "ஆமாவா, இல்லையாங்க?" என்று கேட்டேன். எதிரே இருந்த பெரியவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஆமாங்க, இல்லீங்க" என்றார்.

எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

அவர் தெளிவாகத்தான் சொன்னார். தமிழில் எதிர்மறையாகக் கேட்டால் "ஆமா, நினைக்கறதில்ல" என்றும் சொல்லலாம், "இல்ல, நினைக்கறதில்ல" என்றும் சொல்லலாம். இரண்டும் ஒன்றுதான். குழப்பம் என் தாளில் இருந்தது. அந்த வாரம் நிரப்பிய தாள் மொத்தமும் வீணாயிற்று. எம்.எஸ்சி.யிலோ கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குப் படித்தபோதோ இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உளவியல் படித்துவிட்டு இந்தப் பக்கம் கல்லூரியில் பாடம் எடுக்கவும் ஆய்வு செய்யவும் வருகிறவர்கள் அதே வாரத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆரம்பத்தில் கொஞ்சம் விதிமுறைக் கதை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. பந்தியில் கேட்பவர்களுக்கு ஒரு பதில் தயார் செய்துகொள்ளுங்கள்

கலியாணப் பந்தியில் "சைக்காலஜி படிக்கறேனுங்க" என்றால் மூன்றில் ஒன்று வரும். "என்ற மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லு பாக்கலாம் கண்ணு." "பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கறதா?" மூன்றாவது, "ஏன், இன்ஜினியரிங் கெடைக்கலியா?" முதல் இரண்டுக்கும் பதில் உங்களுக்கே தெளிவாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதில் சட்டம் இருக்கிறது.

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மாத்திரை எழுதுபவர். மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்ட, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த பயிற்சிப் படிப்பை முடித்து அங்கே பதிவு செய்திருக்க வேண்டும்; 1992ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நாம் இந்த இரண்டும் இல்லை. எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் முடித்தவர் பெயருக்கு முன் 'டாக்டர்' வந்துவிடும், ஊர்க்காரர்கள் தூக்கம் வராததற்கு மாத்திரை கேட்டு வருவார்கள். "நான் வாத்தியார்தானுங்க" என்று முதல் நாளே சொல்லிப் பழகுங்கள். பட்டம் வாங்கிய ஜோரில் வீட்டு முன்னறையில் ஆலோசனை மையம் திறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம்.

2. நுழைவாசல்

உதவிப் பேராசிரியர் ஆக, பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் நெட் தேர்வோ மாநிலத்தின் செட் தேர்வோ வேண்டும், அல்லது விதிப்படி முடித்த பிஎச்.டி. 2023இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, உதவிப் பேராசிரியர் பதவிக்கு நெட்டோ செட்டோ இருந்தால் பிஎச்.டி. கட்டாயமில்லை. ஆனால் எடுக்கிற இடத்தில் பிஎச்.டி. வைத்திருப்பவரைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆய்வில் ஆர்வம் இருப்பவர் அதைத் தவிர்க்கவும் முடியாது.

நெட் ஆண்டுக்கு இரண்டு முறை. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தப்பான விடைக்கு மதிப்பெண் குறையாது, ஆகவே ஒரு கேள்வியையும் விடாதீர்கள். உளவியல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் இதை ஓராண்டு முன்பே மனதில் வைத்து ஆங்கிலக் கலைச்சொற்களைக் கூடவே எழுதிப் பழக வேண்டும். பாடத்திட்டம் பத்து அலகு. முதல் அலகில் கீழைத்தேயச் சிந்தனை என்று பகவத் கீதை, பௌத்தம், சூஃபியம், ஒருங்கிணைந்த யோகம் எல்லாம் உண்டு. 'மனத்துக்கண் மாசிலன்' என்ற வள்ளுவருக்கு இடமில்லை. புலம்பிப் பயனில்லை, தேர்வை எழுதுங்கள். உண்மையில் மதிப்பெண் தருவது ஆய்வு முறையும் புள்ளியியலும் உளச்சோதனையும்தான். பலரும் பயந்து தள்ளி வைப்பதும் அவற்றைத்தான்.

நெட் வழியாக வரும் ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. அதற்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டு தளர்வு உண்டு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பே கிடையாது. குழந்தைகள் பள்ளிக்கூடம் போன பிறகு திரும்பப் படிக்க வருகிற அம்மிணிகள் நம் பக்கம் நிறையப் பேர். அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். 2024 முதல் நெட் மதிப்பெண்ணையே பிஎச்.டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றவர்களுக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும்.

இடங்கள்: மருதமலை அடிவாரத்தில் பாரதியார் பல்கலைக்கழகம் (1982), சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் (1997), பெண்களுக்குக் கோவை அவினாசிலிங்கம்; 1957இல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கி 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மூன்றிலும் உளவியல் இருக்கிறது. இவை போகக் கோவையிலும் சேலத்திலும் உளவியல் நடத்தும் கலை அறிவியல் கல்லூரிகள் உண்டு.

இடத்தைவிட முக்கியம் வழிகாட்டி. 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நாலு பேர் வரைதான் வைத்துக்கொள்ளலாம். பிஎச்.டி. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஆறு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு நீட்டிப்பும், இடையில் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. சேரும் முன் அவரிடம் முடித்தவர்களைத் தேடிப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து இரண்டே கேள்வி கேளுங்கள்: "எழுதினத எத்தனை நாள்ல படிச்சுக் குடுப்பாருங்க?" "ஆய்வு தவிர வேற சோலி சொல்வாருங்களா?" இரண்டாம் கேள்விக்கு அவர் சிரித்துக்கொண்டே டீயைக் கீழே வைத்தால் வேறு வழிகாட்டியைத் தேடுங்கள். கோதுமை மாவு அரைத்து வந்த ஆய்வாளர் ஒருவரை எனக்குத் தெரியும். எங்கே என்று சொல்லமாட்டேன்.

3. வேலைக்குச் சேரும் நாள்

அரசு கலைக் கல்லூரியில் நிரந்தர இடம் ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக வரும். யு.ஜி.சி. ஊதியத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. அந்த அறிவிப்புக்காகக் காத்திருக்கும் காலம் நீண்டது. அதற்குள் பெரும்பாலோர் சுயநிதிக் கல்லூரியில்தான் சேர்கிறோம். அங்கே அதன் ஒரு பங்குதான் கிடைக்கும். 'உளவியல் துறை' என்ற பலகையை மட்டுமே தேடாதீர்கள். பி.எட். கல்லூரியில் கல்வி உளவியல், செவிலியர் கல்லூரியில் ஒரு தாள், எம்.பி.ஏ.வில் நிறுவன நடத்தையியல் என்று நம் பாடம் பல இடத்தில் ஒளிந்திருக்கிறது. கொங்கு நாட்டில் இந்த வகைக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை.

சேரும்போது அசல் சான்றிதழை ஒப்படைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டுங்கள், நகலில் கையொப்பமிட்டுக் கொடுங்கள், அசலோடு வீடு திரும்புங்கள். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் 'பத்திரமாக இருக்கும்' என்று வாங்கி வைத்தார்கள். வேறிடத்தில் வாய்ப்பு வந்தபோது அதைத் திரும்ப வாங்க நான் நடந்த நடைக்குப் பழனிக்கே பாதயாத்திரை போயிருக்கலாம்.

உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்பது யு.ஜி.சி. கணக்கு. தனியாரில் அதைத் தாண்டும். கோடையில் பிளஸ் டூ மாணவர் வீடுகளுக்குச் சேர்க்கைக்காக அனுப்புவார்கள். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் ஆண்டில் கோப்பு அடுக்குவதுதான் வேலை. முடிந்தால் நேர்முகத்திலேயே ஒரு சனிக்கிழமையை ஆய்வுக்கு ஒதுக்கித் தரும்படி கேளுங்கள். சம்பளத்தில் ஆயிரம் கூடக் கேட்பதைவிட அது கிடைக்க வாய்ப்பு அதிகம்.

4. ஆய்வகம்

புதிதாக வருகிறவருக்குத் துறையில் முதலில் கொடுப்பது செய்முறை வகுப்பைத்தான். பூட்டிய அலமாரியில் கண்ணாடி வரைதல் கருவி, கோட்டின் நீளத்தில் கண்ணை ஏமாற்றும் முல்லர்-லையர் பலகை, விரல் திறன் பலகை, நின்றுபோன நிறுத்தக் கடிகாரம் இருக்கும். நிறுத்தக் கடிகாரத்துக்கு இப்போது கைப்பேசி போதும். மற்றதை வெயிலில் வைத்துத் துடையுங்கள்.

ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். ஜெர்மன் உளவியலாளர் எபிங்கௌஸ் 1885இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வுக்குப் பொருளற்ற அசைகளைப் பயன்படுத்தினார். நாம் இன்னும் ஆங்கில எழுத்து மூன்றைக் கோத்துத்தான் மாணவர்களுக்குக் கொடுக்கிறோம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்கு அங்கே சோதிக்கப்படுவது நினைவாற்றலா ஆங்கில எழுத்துப் பழக்கமா? தமிழிலேயே பொருளற்ற அசைப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கச் சொல்லுங்கள். வகுப்பே களைகட்டும். ஒருவர் பொருளில்லை என்று எழுதிய அசைக்கு இன்னொருவர் "எங்கூர்ல அதுக்கு அர்த்தம் இருக்குதுங் மேடம்" என்று எழுந்து நிற்பார். பட்டியல் முடியும்போது, சோதனைக் கருவி என்பது வானத்திலிருந்து விழுவதில்லை என்று பிள்ளைகளுக்குப் புரிந்திருக்கும். அடுத்த படிக்கு இந்தப் புரிதல் வேண்டும்.

5. கேள்வித்தாளைத் தமிழாக்குவது

இங்கே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் போகிறேன். இந்த ஊரில் நம் வேலையின் பாதி இதுதான்.

நீங்கள் பயன்படுத்தப்போகும் அளவுகோல் (ஒரு மனப்பண்பை அளக்கும் வாக்கியத் தொகுப்பு) அநேகமாக ஆங்கிலத்தில் இருக்கும். ரோசன்பர்க் 1965இல் வெளியிட்ட தன்மதிப்பு அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வாக்கியம், ஐந்து நேர்மறை, ஐந்து எதிர்மறை. எதற்கெடுத்தாலும் "ஆமா" சொல்பவரைப் பிடிப்பதற்காக அப்படிக் கலந்து வைப்பது வழக்கம். நம் ஊரில் அது வேறு விதமாக உதைக்கும். தொடக்கத்தில் சொன்ன "ஆமாங்க, இல்லீங்க" ஒன்று. இன்னொன்று மரியாதை. காலேஜிலிருந்து வந்திருக்கும் டீச்சர் ஒன்றைப் படித்தால் அதை மறுப்பது நாகரிகமில்லை என்று நினைக்கும் ஊர் இது. "சரீங்க" என்பதற்குச் சம்மதம் என்று பொருள் கொள்ளாதீர்கள். "உங்க பேச்சு காதுல விழுந்துச்சுங்க" என்பதுதான் பல சமயம் அதன் பொருள்.

அந்த அளவுகோலின் எட்டாவது வாக்கியம் பல நாடுகளில் ஆய்வாளர்களைப் படுத்தியிருக்கிறது. தன் மீது தனக்கு இன்னும் மரியாதை இருந்தால் தேவலை என்ற கருத்துடையது. இதற்கு ஆமாம் போட்டால் தன்மதிப்புக் குறைவு என்று கணக்கு. நம்மவர்களுக்கோ மரியாதை என்பது கூடக்கூட நல்லது. "ஆமாங்க, இன்னும் மரியாதையா இருக்கோணுமுங்க" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லும் விவசாயிக்குத் தன்மதிப்பு குறைவு என்று கணினி சொல்லும்.

பிறகு சொற்கள். செய்தித்தாளில் 'மன அழுத்தம்' என்று வந்தால் அது வேலைப்பளுவால் வரும் நெருக்கடியா, நோயாகக் கருதப்படும் மனச்சோர்வா என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் அதையே எழுதுகிறார்கள். பேச்சில் முதலாவது 'டென்சன்'. இரண்டாவதுக்குக் கிட்டத்தில் வருவது 'வெசனம்'. "பையன் போனதிலிருந்து வெசனத்துலயே இருக்கறாங்க" என்பார்கள். ஆனால் அதில் துக்கமும் கவலையும் கலந்திருக்கிறது, ஆகவே அப்படியே ஒட்டாது. "மனசு பொக்குனு போச்சு" என்றால் எதிர்பார்த்தது கிடைக்காத ஏமாற்றம். 'சங்கட்டம்' என்றால் உடம்புக்கு முடியவில்லை என்றும் இருக்கலாம். "நெஞ்சுல பாரமா இருக்குதுங்க", "கைகால் ஓய்ஞ்சு போச்சுங்க" என்று மனதை உடம்பின் வழியே சொல்கிறவர்கள் நிறைய. இந்தச் சொற்களை ஒரு தனி நோட்டில் ஊர்ப் பெயரோடு எழுதி வையுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒன்று, ஓமலூர்ப் பக்கம் வேறொன்று இருக்கும். என்னிடம் இப்போது மூன்று நோட்டு சேர்ந்துவிட்டது. நான் வெளியிட்ட கட்டுரைகளைவிட அவற்றைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

செய்ய வேண்டிய முறை இது. முதலில் அளவுகோலின் உரிமையாளரிடம் அனுமதி. சிலது இலவசம், சிலதுக்குப் பணம். அடுத்து, ஒருவரையொருவர் கேட்காமல் இருவர் தமிழாக்க வேண்டும். இருவரும் உட்கார்ந்து பேசி ஒன்றாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். இந்தத் திருப்பி மொழிபெயர்க்கும் முறையை பிரிஸ்லின் 1970இல் முன்வைத்தார். எல்லா ஆய்வேட்டிலும் இதைச் செய்ததாக ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தப்பு அங்கேதான். 'தாழ்வு மனப்பான்மை' என்று எழுதினால் திரும்பப் பெயர்ப்பவர் கண்ணை மூடிக்கொண்டு சரியான ஆங்கிலச் சொல்லை எழுதிவிடுவார், ஏனென்றால் அவரும் நம்மைப் போல ஆங்கிலம் படித்தவர். படித்த இருவருக்குள் ஒப்பந்தம் ஆகிவிட்டது. தறி ஓட்டுபவருக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

ஆகவே இன்னொரு படி வேண்டும். நீங்கள் ஆய்வு செய்யப்போகும் மக்களிலேயே பத்துப் பேரிடம் ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்துக் காட்டி, "இதக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோணுச்சுங்க? உங்க வாயில சொல்லுங்க" என்று கேளுங்கள். பதிலை அப்படியே எழுதுங்கள். மூன்று பேர் வேறு வேறு பொருள் சொன்னால் வாக்கியத்தை மாற்றுங்கள். எதிர்மறை வாக்கியங்களில் 'இல்லை', 'அற்ற' வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். "உதவாதவன் என்று நினைப்பதில்லை" என்பதை விட்டுவிட்டு "நாம வீணாப் போயிட்டோம்னு எத்தனை நாள் தோணுச்சுங்க?" என்று நாள் கணக்காகக் கேட்டால் ஆமா-இல்லைச் சிக்கல் வராது. அப்படி மாற்றினால் அது பழைய அளவுகோல் இல்லை, ஆய்வேட்டில் அதை ஒளிக்காமல் எழுத வேண்டும். 'உதவாதவன்' என்பதில் ஆண்பால் ஒட்டிக்கொண்டிருப்பதையும் கவனியுங்கள். பெண்களுக்கான தாளைத் தனியாக அச்சடிப்பதில் செலவு ஒன்றும் பெரிதில்லை.

'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'சிறிதும் உடன்படவில்லை' வரை ஐந்து கட்டம் போடும் லைக்கர்ட் முறை (1932) பள்ளி தாண்டாதவர்களுக்கு எட்டாது. வயதானவர்களிடம் எனக்குக் கைகொடுத்தது அணா கணக்கு: "உங்க வெசனம் நாலணா அளவா, எட்டணாவா, பன்னண்டணாவா, முழு ரூவாயா?" சட்டென்று சொல்வார்கள், சிலர் "ஒண்ணேகால் ரூவாய்ங்க" என்று கூடச் சொல்வார்கள். இளவட்டங்களுக்கு அணா தெரியாது. அவர்களுக்கு ஐந்து டம்ளர் படம், ஒன்று காலி, ஒன்று ததும்ப. எதைப் பயன்படுத்தினாலும் முன்னோட்டத்தில் சரிபார்த்துவிட்டுத்தான்.

6. களத்துக்குப் போகும் முன்

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை முதலில் வாங்குங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலைப் படியுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும், ஏழு வயது முதல் குழந்தையின் இசைவும் வேண்டும். பள்ளித் தலைமை ஆசிரியர் தலையாட்டினால் போதும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒப்புதல் படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. கையெழுத்துக் கேட்டதும் முகம் மாறும். குழுக்கடன் வாங்கியவர்களுக்குக் கையெழுத்து என்றால் தவணை. "இது லோன் இல்லீங்க, உங்க பேரே இதுல வராது" என்று நிதானமாகச் சொல்லி, அப்படியும் தயங்கினால் நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே வாய்மொழி ஒப்புதலுக்கு அனுமதி வாங்கி வைத்ததைப் பயன்படுத்துங்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ சோமனூர்த் தறிக்கோ போனால் முதலாளி நல்லவராக இருப்பார். "நாலு பேர வரச் சொல்றேன், கேட்டுக்கங்க" என்பார். அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். அவர் கூப்பிட்டு வந்த நாலு பேருக்கு மறுக்க வழியில்லை. "மொதலாளிகிட்டக் காட்டுவீங்களா?" என்று வாய்விட்டுக் கேட்பவர் ஒருவர் இருந்தால் கேட்காதவர் பத்துப் பேர். முதலாளியிடம் அனுமதி வாங்கலாம், ஆள் பட்டியல் வாங்கக் கூடாது. வேலை முடிந்து டீக்கடையில், கோயில் மரத்தடியில், வீட்டில் சந்தியுங்கள். பின்னலாடைத் தொழிலில் வாரச் சம்பளம் சனிக்கிழமை. அன்று சாயங்காலம் யாரும் உங்களுக்கு நேரம் தரமாட்டார்கள், தரவும் வேண்டாம். ஞாயிறு முற்பகல் நல்லது. ஒடியா, இந்தி பேசும் தொழிலாளர்களை விட்டுவிட்டுத் 'திருப்பூர்த் தொழிலாளர்கள்' என்று தலைப்பு வைக்காதீர்கள்.

ஓடும் தறிக்குப் பக்கத்தில் பேசவே முடியாது. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளைச் செய்தித்தாளில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று தறி நிற்கும், ஆட்கள் திண்ணையில் இருப்பார்கள், ஊரே அமைதியாக இருக்கும். எனக்குக் கிடைத்த நல்ல நேர்காணல்கள் பெரும்பாலும் பவர் கட் நாளில் வந்தவை. நோம்பி (திருவிழா) வாரத்தில் போகாதீர்கள். மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்ட ஊரில் உங்கள் கேள்வித்தாளுக்கு வேலையில்லை. போனால் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

"எந்த ஊருங்க? யாரு வீட்டுப் புள்ளைங்க?" என்பது முதல் கேள்வியாக வரும். உபசாரம் பாதி, சாதி விசாரணை பாதி. ஊரையும் கல்லூரியையும் சொல்லுங்கள், அதற்கு மேல் சிரித்துக்கொண்டே கேள்வித்தாளை எடுங்கள். உங்கள் பதிலைப் பொறுத்து எதிரில் இருப்பவர் சொல்வதும் சொல்லாததும் மாறும். மேலத்தெருவில் மட்டும் மோர் குடித்துவிட்டுத் திரும்பிய ஆய்வாளரை அடுத்த தெரு கவனித்துக்கொண்டுதான் இருக்கும். எல்லாத் தெருவிலும் உட்காருங்கள், கொடுத்ததைக் குடியுங்கள்.

மருமகளிடம் கேட்கும்போது மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பதிலும் சொல்வார். விரட்ட முடியாது. நான் செய்வது, இருவராகப் போவது. கூட வந்தவர் மாமியாரிடம் தனியாக ஒரு தாளை எடுத்துப் பேச்சுக் கொடுக்க, நான் மருமகளோடு பொடக்காலிப் பக்கம் (கொல்லைப்புறம்) நகர்ந்துவிடுவேன். அந்தத் தாள் வெறும் கண்துடைப்பாக இருந்தால் அதுவும் ஏமாற்றுதான். ஆகவே மாமியார்களின் பதிலையும் ஆய்வில் சேர்த்துத் திட்டமிடுங்கள். ஒருமுறை ஆய்வின் சுவையான பகுதியே அதிலிருந்துதான் வந்தது.

இன்னொன்று. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 தாளில் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதில் ஒருவர் 'பல நாட்கள்' என்று சொன்னால் அடுத்து என்ன செய்வீர்கள் என்பது போவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வர முடியாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த நாளில் எந்த அரசு மருத்துவமனையில் இருப்பார், கட்டணமில்லாத மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, கூடப் போக யார் இருக்கிறார்கள், மூன்றும் கையில் வேண்டும். பெயரில்லாத கூகுள் படிவத்தில் இந்தக் கேள்வியை வைத்தால், ஆமாம் என்றவரை உங்களால் தேடிப் பிடிக்கவே முடியாது. அப்படியானால் அந்தக் கேள்வி இல்லாத எட்டுக் கேள்வி வடிவத்தை எடுங்கள்.

7. எண்ணும் எழுத்தும்

கூகுள் படிவத்தைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸாப்பில் சுற்றுக்கு விட்டால் இரண்டே நாளில் தாள் நிறைந்துவிடும், நிரப்புபவர்கள் அனைவரும் உங்கள் கல்லூரி விடுதியிலேயே இருப்பார்கள். ஹென்ரிச், ஹைன், நோரென்சயான் மூவரும் 2010இல் எழுதிய கட்டுரை, மேற்கத்திய மாணவர்களை வைத்துக்கொண்டு மனித இனம் முழுவதையும் பேசுகிறோம் என்று உளவியலைக் குத்திக் காட்டியது. நாம் விடுதி மாணவிகளை வைத்துக் கொங்கு நாட்டைப் பேசுகிறோம்.

எத்தனை பேர் வேண்டும் என்பதை வழிகாட்டியின் ராசி எண் தீர்மானிக்கக் கூடாது. இரண்டு குழுக்களுக்கிடையே நடுத்தர அளவு வேறுபாட்டைப் பிடிக்க, வழக்கமான 80 சதவீதத் திறனுக்கு (வேறுபாடு உண்மையிலேயே இருந்தால் அது ஆய்வில் அகப்படும் வாய்ப்பு), குழுவுக்கு 64 பேர் வேண்டும். நடுத்தரத் தொடர்பு ஒன்றைப் பிடிக்க ஏறக்குறைய 85 பேர். ஜி-பவர் மென்பொருள் இலவசமாகவே கணக்குப் போட்டுத் தரும். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளுக்குத் திருட்டுப் பிரதி தேடி அலைய வேண்டாம். ஜமோவியும் ஜாஸ்ப்பும் இலவசம், பொறுமை உள்ளவர்களுக்கு ஆர் இருக்கிறது. என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பதைத் தரவு சேர்க்கும் முன்பே பதிவு செய்துவிடுங்கள். 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூலத்தில் 97 சதவீதம் 'குறிப்பிடத்தக்க' முடிவு சொல்லியிருந்தது. திரும்பச் செய்தபோது 36 சதவீதம்தான் தேறியது. மாணவர்களுக்கு இதை முதல் பருவத்திலேயே சொல்லுங்கள். துறை மீது நம்பிக்கை போய்விடும் என்று மூத்தவர்கள் தடுப்பார்கள். என் அனுபவத்தில், இதைக் கேட்ட பிறகுதான் பின் பெஞ்சு நிமிர்ந்து உட்கார்கிறது.

பதிப்பிப்பது: பணம் கட்டினால் பத்து நாளில் போடுகிறோம் என்று மின்னஞ்சல் வரும். அழித்துவிடுங்கள். யு.ஜி.சி. ஏற்ற ஆய்விதழ்களின் கேர் பட்டியல் 2025இல் கைவிடப்பட்ட பிறகு இதழை எடைபோடும் பொறுப்பு உங்கள் தலையில். ஆசிரியர் குழுவில் இருப்பவர்களின் பெயரை எடுத்து, அவர்களே தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு 10 சதவீதத்துக்குள் இருந்தால் விதிப்படி தண்டனையில்லை. அந்த எண்ணுக்காகச் சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு வாக்கியத்தைக் கொலை செய்யாதீர்கள், சொந்தமாக எழுதுங்கள்.

8. நாலரை மணிக்குக் கதவருகே நிற்கும் பிள்ளை

இது எந்தப் பணி நியமன ஆணையிலும் இருக்காது. வகுப்பில் மனச்சோர்வு பற்றிப் பாடம் எடுத்த அன்று, பஸ்ஸுக்கு நேரமாகியும் ஒரு பிள்ளை அறை வாசலில் நிற்கும். "மேடம், சும்மாதானுங்…" என்று ஆரம்பிக்கும். அந்தச் 'சும்மா'வைச் சாதாரணமாக எடுக்காதீர்கள்.

கதவைப் பாதி திறந்தே வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள், உங்கள் கதையைச் சொல்லாதீர்கள். "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. நீங்கள் அந்தப் பிள்ளைக்கு அகமதிப்பெண் போடுகிறவர், ஆகவே அதற்கு ஆலோசகராகவும் இருக்க முடியாது. ஒருமுறை கேட்கலாம், இரண்டாம் முறை ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ கூடப் போய் விட்டுவிட்டு வரலாம். வீட்டில் "கெரகம் சரியில்ல, கோயிலுக்குப் போய் வந்தாச் சரியாயிரும்" என்றால் சண்டைக்கு நிற்காதீர்கள். கோயிலுக்கும் போகட்டும், செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கும் வரட்டும் என்று பேசினால் அப்பா சம்மதிப்பார். காதல், வேறு சாதி என்று விஷயம் போனால் வீட்டுக்குத் தகவல் சொல்வதே பிள்ளைக்கு ஆபத்தாகலாம். அந்த இடத்தில் அவசரப்பட்டு அப்பாவுக்குப் போன் போடாதீர்கள். பிள்ளையைக் கேட்டு, அது நம்பும் பெரியவர் யார் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

அப்படிப்பட்ட நாளின் இரவு உங்களுக்குத் தூக்கம் வராது. துறையில் ஒருவரிடமாவது, பெயர் சொல்லாமல், பேசுங்கள்.

9. திரும்பிப் போவது

ஆய்வேடு கட்டி, வாய்மொழித் தேர்வு முடிந்து, மாலை போட்டுப் படம் எடுத்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். உங்கள் ஆய்வேடு, ஆய்வேடுகளுக்கான இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறிவிடும். பல்லடத்துத் திண்ணைக்கு அது போகாது. முடிவுகளை ஒரே பக்கத்தில், புள்ளியியல் இல்லாமல், பேச்சுத் தமிழில் எழுதுங்கள். நகல் எடுத்துக்கொண்டு பவர் கட் நாள் ஒன்றில் போங்கள்.

நான் போனபோது அந்தப் பெரியவர் இருந்தார். இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்குத் தூக்கத்தைவிட, பகலில் வீட்டில் யாரோடும் உட்கார்ந்து சாப்பிட முடியாததுதான் பெரிய வெசனமாக இருக்கிறது என்று படித்துக் காட்டினேன். "இதத்தானுங்க நாங்க அன்னிக்கே சொன்னோம்" என்றார். பிறகு தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பக்கத்துக் குடோனில் வேலை பார்க்கும் பெண்களிடம் யாரும் ஏன் கேட்கவில்லை என்று கேட்டார். என் அடுத்த ஆய்வின் விண்ணப்பம் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பமாகிறது.